கழுதைக்கு வந்த முதல் ஆர்டர்

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள் நால்வர்: துணிப் பொம்மை தைப்பவள், அவள் கணவன், அவளுடைய கடைக்கு இணையதளம் எழுதிக் கொடுத்த அவள் தம்பி, கணவனின் அக்கா. இந்த அக்காவுக்குப் புரோகிராமரான தம்பி வைத்திருந்த பெயர் நீதிபதி. எதைக் காட்டினாலும் தீர்ப்பு வழங்காமல் அவர் நகர்ந்ததில்லை.

பொம்மைக்காரியைப் பழைய அலுவலகம் திரும்ப அழைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் திறந்த இணையக் கடைக்கு ஓர் ஆர்டராவது வந்தால் வேலை வேண்டாம். வராவிட்டால் ஊசியையும் நூலையும் மூட்டை கட்டிவிட்டுக் கிளம்புவது என்று அவள் தனக்கே கெடு வைத்திருந்தாள்.

நண்பகல் தாண்டியது. மற்ற கடைகளிலாவது ஓட்டுவதற்கு ஈ இருக்கும். இணையக் கடையில் அதுவும் இல்லை.

"முகம் தெரியாத கடைக்கு எவன் பணம் கட்டுவான்? ஒழுங்கா அந்த வேலைக்குப் போய்ச் சேரு," என்றார் நீதிபதி. அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. அலமாரியிலிருந்த கழுதைப் பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதற்கு ஒரு காது மற்றதைவிட நீளம்.

"இது கழுதையா, காது முளைச்ச தலைகாணியா?"

"நீங்க பேசப் பேசத்தான் அக்கா அதுக்குக் காது நீண்டு போச்சு," என்றான் புரோகிராமர்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் நடந்ததெல்லாம் பேமெண்ட் கேட்வே இணைக்கும் வேலைதான். வாங்குபவர் தம் கார்டு எண்ணைத் தட்டினால் வங்கியிலிருந்து பணம் கடைக்கு வந்து சேர வேண்டும். அதற்கான வழியை அவன் போட்டுக்கொண்டிருந்தான். சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு டம்மி கார்டு எண் உண்டு. பணம் அசையாது, அசைந்ததாகத் திரை சொல்லும். சாப்பாட்டு மேசையில் ஒருவர் விடாமல் போனைக் கையில் திணித்துத் தட்டச் சொன்னதில், அந்த எண் வீட்டிலுள்ள நால்வருக்கும் வாய்ப்பாடுபோல் மனப்பாடம்.

நாலரை மணிக்கு மேல் மடிக்கணினி 'டிங்' என்றது.

முதல் ஆர்டர். பொருள்: கழுதை. பணம் செலுத்தப்பட்டுவிட்டது. நேரில் வந்து பெற்றுக்கொள்வதாகக் குறிப்பு. பெயர் கேட்ட இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று மட்டும் இருந்தது.

கணவன் யானைப் பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு அறையை வலம் வந்தான். பொம்மைக்காரி அலுவலகத்துக்குப் பேசி, வேலை வேண்டாமென்று நன்றியோடு சொல்லிவிட்டாள்.

"எவனோ கண்ணாடி போட மறந்தவன்," என்றார் நீதிபதி.

வந்த பணத்தைக் கண்ணால் பார்த்துவிடலாமென்று கேட்வேயின் பக்கத்தைத் திறந்த புரோகிராமரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, நான் லைவுக்கு மாத்தவே இல்ல," என்றான் பொம்மைக்காரியிடம்.

காலையிலிருந்து கடை சோதனை முறையிலேயே இருந்திருக்கிறது என்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டு விளக்கினான். அந்த முறையில் நிஜமான கார்டு எதுவும் செல்லாது. டம்மி கார்டு மட்டும்தான் செல்லும். அப்படியானால் கழுதையை வாங்கியது டம்மி கார்டு. வாங்கிய ஆள் இந்த வீட்டு ஆள்.

பொம்மைக்காரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கைக்கு வந்த வேலையை விட்டாயிற்று. அவள் கணவனைப் பார்த்தாள்.

"என்னைத் தேத்தறதுக்கு நீங்க பண்ணின வேலையா?"

"சத்தியமா இல்லம்மா. நானா இருந்தா யானையை வாங்கியிருப்பேன்."

நீதிபதி முதல்முறையாகத் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க," என்றான் புரோகிராமர். "இந்தக் கழுதை ஆளு முதல்ல சொந்தக் கார்டைத்தான் போட்டிருக்காங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. போகலைன்னதும்தான் டம்மி."

இன்னும் கீழே இறங்கிப் பார்த்தவன் திடீரென்று சிரிக்கத் தொடங்கினான். காலையிலிருந்தே யார் யாரோ வந்திருக்கிறார்கள். யானை கேட்டவர், முயல் கேட்டவர், மறுபடி யானை கேட்டவர். எல்லோருடைய கார்டையும் கேட்வே வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஆள் வரவில்லையே என்று பகல் முழுவதும் கன்னத்தில் கை வைத்திருந்தோம் என்பது பொம்மைக்காரிக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

புரோகிராமர் கடையை லைவுக்கு மாற்றினான். திரும்பிப் போனவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினான். போட்ட டீ ஆறுவதற்குள் 'டிங்'. யானை. இம்முறை நிஜப் பணம். அடுத்து முயல்.

"அந்தப் பொய் ஆர்டர் மட்டும் வரலைன்னா நான் உள்ளே போய்ப் பார்த்தே இருக்க மாட்டேன்," என்றான் அவன். "யார் பண்ணினாங்களோ, அவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு."

மறுபடியும் மணி ஒலித்தது. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

நீதிபதி எழுந்தார். கைப்பையைத் திறந்து, கழுதையின் விலைக்குச் சரியான நோட்டுகளைத் தையல் இயந்திரத்தின்மேல் வைத்தார். அலமாரியிலிருந்த கழுதையை எடுத்து, நீண்ட காது வெளியே தொங்க, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.