நனைந்த சட்டை

முருகேசுவின் துணிக்கடையில் குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தோளில் சாய்த்திருந்த பெண்ணோ ஒரு கையால் ஞானஸ்நானச் சட்டைகளைப் புரட்டி, மறுகையால் பால் போத்தலைக் கிலுக்கிக்கொண்டிருந்தாள்.

முருகேசு கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முப்பது வருடமாக அசல் பட்டுத்துணியையும் போலியையும் தொடாமலே பிரித்துச் சொன்ன கண். இந்தத் தாய் அசல் இல்லை என்று அது சொன்னது.

அப்போது தெருவிலிருந்து இன்னொருத்தி ஓடிவந்தாள். கலைந்த தலை, வெறுங்கால். சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாகப் பாலில் நனைந்திருந்தது.

"என்ரை மகன்" என்று பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்தாள். சட்டென அழுகை நின்றது.

முதலாமவள் பதறினாள். பெயர் ஜெசிதா, ஊர் குருநகர், வருத்தத்துக்கு மருந்துக் குளிசை எடுப்பதால் டொக்டர் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார் என்றாள். போனில் படமும் காட்டினாள். பச்சைப்பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சுத்தான் என்று முருகேசு தள்ளிவிட்டார்.

"மகனாம். அது பொம்பிளைப்பிள்ளை, ஐயா" என்றாள் ஜெசிதா.

"என்ரை மகள் ஆரபிக்கு இருபது வயசு. இப்பவும் நான் மகன் எண்டுதான் கூப்பிடுறன்" என்றார் அவர். "அசல் சாமானுக்கு விளம்பரம் தேவையில்லை, தங்கச்சி. அந்தச் சட்டையைப் பார்."

கடைப்பெண்கள் இருவர் ஜெசிதாவை உடுப்பு மாற்றும் அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். பொலிசுக்கும் அறிவித்தாயிற்று. மற்றவளைப் பிள்ளையோடு, தெருவோடு போன ஓட்டோ ஒன்றை முருகேசுவே மறித்து ஏற்றிவிட்டார். எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை. பிள்ளை கிடைத்த தாயிடம் கேட்கிற கேள்வியா அது?

பூட்டிய கதவில் தட்டும் சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அந்த நேரம் வியர்த்து வழிய ஒருவன் படியேறிப் போனை நீட்டினான். திரையில் ஓட்டோவில் போனவளின் முகம்.

"ஓம், உங்கடை மனுசிதானே? பிள்ளையோடை பத்திரமா அனுப்பிப்போட்டன்" என்றார் முருகேசு, பெருமையாக.

அவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்தப் பிள்ளை? எங்கடை மகன் செத்து எட்டு நாள், ஐயா. ஆரின்ரை பிள்ளை அழுதாலும் அவவுக்குப் பால் சுரக்குது."