வீடியோவில் வந்தவர்

தையல் மெஷின் முன்னால் அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சேமிப்பு மொத்தமும் ஏதோ ஓர் ஆப்பில் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும், தன் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தான் தம்பி.

“மூணே மாசத்துல பணம் டபுளாகும்னு எவனாவது சொன்னா, அது டுபாக்கூர்னு தெரிய வேண்டாமாக்கா?”

“தெரியும்டா.”

“தெரிஞ்சுமா போட்டே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அக்கா கையிலிருந்த நூலை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“வீடியோவுல ஒருத்தர் சொன்னாரு. பொய் சொல்ற ஆளாத் தெரியல.”

“ஐயோ அக்கா! காசு வாங்கிட்டு, எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறவனுங்க அவனுங்க. மானங்கெட்டவனுங்க! எவன் அவன்? காட்டு.”

“வேணாம்டா, விடு. போனது போச்சு.”

அவள் மறைக்க மறைக்க, போனைப் பிடுங்கி வீடியோவை ஓடவிட்டான்.

பிறந்தநாளுக்கு அக்கா தைத்துக் கொடுத்த நீலச் சட்டையில், அவனே சிரித்துக்கொண்டு நின்றான். இந்த விளம்பரம் வெளியூரில் மட்டும்தான் ஓடும் என்று சொல்லித்தான் அந்த ஆப்காரர்கள் அவனைப் பேச வைத்திருந்தார்கள்.

“...அவ்வளவு ஏன்? என் கூடப்பிறந்த அக்காவையே இதுல சேர்த்துவிட்டிருக்கேன்!”

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“என்கிட்ட சொல்ல மறந்துட்டே போலன்னு நினைச்சு, நானே போய்ச் சேர்ந்துட்டேன்டா” என்றாள் அக்கா.