ஆறு மாதுளை முத்து

“தை மாசக் குளிருக்கை, பார்க் பெஞ்சிலை இருத்தி வைச்சு எட்டு வயசுப் பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிற தேப்பனை எங்கையாவது கண்டிருக்கிறியளே, அக்கா?”

பிரமிளா கேட்டுக்கொண்டிருக்க, கிளறிற்றா மேசையில் லாப்டொப்பைத் திறந்தாள். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பதினொரு வருசம் கடிதம் அடித்த கை அது. கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் தெரிந்தவர்களுக்கு எந்தக் கடிதம் தேவையென்றாலும் அவளைத்தான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

பிரமிளாவும் பவித்திரனும் பிரிந்து ஒன்றரை வருசம். மகள் ஆரணி தாயோடு. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளி பின்னேரம் தெற்கு லண்டன் சட்டனில் இருக்கும் தகப்பனிடம் போய், ஞாயிறு திரும்பி வருவாள். அந்த இரண்டு நாளையும் நிற்பாட்டத்தான் நீதிமன்றத்துக்கு இந்தக் கடிதம்.

“கண்டது ஆர்?”

“கனகாம்பிகை மாமி. அவவும் சட்டன்தானே. மூண்டு தரம் கண்டிட்டா. போன சனிக்கிழமை மழையாம். படமும் எடுத்து அனுப்பினவ, பாருங்கோ.”

கிளறிற்றா போனை வாங்கிப் பார்த்தாள். பெஞ்சில் ஆரணி, மடியில் சாப்பாட்டுப் பெட்டி, பெட்டிக்குள் புட்டு. பக்கத்தில் பவித்திரன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

“குடை முழுக்கப் பிள்ளைக்கு மேலை கிடக்கு. மனுசன் நனையுது.”

“நனையட்டும்!”

“காலைச் சாப்பாடு?”

“காருக்கை! பிள்ளையே சொன்னவள்.”

கிளறிற்றா அதையும் அடித்துக்கொண்டாள்.

“ஏன், அவர் வீட்டிலை மேசை கதிரை இல்லையோ?”

“எல்லாம் இருக்கு. உள்ளை ஆரையோ வைச்சிருக்கிறார் போலை. இல்லாட்டி வீடு குப்பையாக் கிடக்கும். என்னோடை இருக்கேக்கையே ஒரு கோப்பை கழுவாத மனுசன்.”

“நீ கேட்டுப் பாத்தியோ?”

“கேக்காமல்? ‘அவளுக்கு வெளியிலை சாப்பிடத்தான் விருப்பம்’ எண்டுறார். எந்தப் பிள்ளைக்கு அக்கா மழையுக்கை சாப்பிட விருப்பம்?”

“சரி, இப்ப உன்ரை பக்கத்தை எழுதுவம். நீ பிள்ளைக்கு என்ன செய்யிறாய்?”

பிரமிளா நிமிர்ந்து இருந்தாள். “நேரத்துக்குச் சாப்பாடு, வீட்டுப்பாடம். ஒவ்வொரு நாளும் படுக்கேக்கை புத்தகம் வாசிச்சுக் காட்டுறன். இந்தத் தவணை பள்ளிக்கூடத்திலை கிரேக்கக் கதையள் படிப்பிக்கினம். அதுக்கெண்டே லைப்ரரியிலை பெரிய புத்தகம் எடுத்தனான்.”

‘தினமும் வாசித்துக் காட்டும் தாய்’ என்று ஏறியது கடிதத்தில். நல்லா எடுபடும் என்று கிளறிற்றா நினைத்தாள்.

கிரேக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும், கார்ப்பெட்டில் படம் கீறிக்கொண்டிருந்த ஆரணி எழும்பி ஓடி வந்தாள்.

“அன்ரி, மார்ஸ் சொக்லேற் இருக்கெல்லோ, மார்ஸ் உண்மையிலை சண்டைக் கடவுள். ரோமன் ஆக்கள் கும்பிட்டவை. ஜனவரிக்கும் ஒரு கடவுள் இருக்கிறார், ஜேனஸ். அவருக்கு ரெண்டு முகம்!”

“அட, கெட்டிக்காரி!”

“பக்கத்து வீட்டு நாய்க்கு நான் செர்பெரஸ் எண்டு பேர் வைச்சிருக்கிறன். அது பாதாளத்துக்குக் காவல் நிக்கிற நாய். மூண்டு தலை.”

“அந்த நாய் குலைக்கிற குலைப்புக்கு ஒரு தலையே காணும்.”

“ஆரணி, உள்ளை போ. பெரியாக்கள் கதைக்கிறம்,” என்றாள் பிரமிளா.

“நிக்கட்டும். பிள்ளையின்ரை வாயாலையும் ஒரு வசனம் வந்தால் கடிதத்துக்குப் பலம்.” கிளறிற்றா குரலைக் குழைத்தாள். “அப்பா ஏன் செல்லம் உங்களுக்கு வீட்டுக்குள்ளை சாப்பாடு தாறேல்லை?”

“தருவார். நான்தான் மாட்டன் எண்டனான்.”

“ஏன்?”

“பெர்செஃபோனிக்கு நடந்தது எனக்கும் நடந்திடும்.”

“அதார்?”

“அவளைப் பாதாளத்து ராசா தூக்கிக்கொண்டு போட்டார். அவளின்ரை அம்மா எல்லா இடமும் தேடி அழுதவ. ராசா திருப்பி விடத்தான் இருந்தவர். ஆனா அவள் அங்கை ஆறு மாதுளை முத்துச் சாப்பிட்டிட்டாள். அங்கத்தைச் சாப்பாடு சாப்பிட்டால் அம்மாட்டை முழுசா வரேலாது. ஒரு முத்துக்கு ஒரு மாசம் அங்கைதான் இருக்கவேணும்.”

“அது சும்மா கதையெல்லோ!”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். அப்பா வீட்டையும் அந்தச் சட்டம் இருக்கோ எண்டு அம்மாட்டைக் கேட்டன். அம்மா ஓம் எண்டவ.”

கிளறிற்றா திரும்பிப் பார்த்தாள்.

“பகிடிக்கு... ஒரு கோவத்திலை...” பிரமிளா போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“பிறகு என்ன நடந்தது, செல்லம்?”

“அப்பா வீட்டை போய்ச் சாப்பிடாமல் அழுதன். அப்பா ஏனெண்டு கேட்டார். சொன்னன். பிறகு சாப்பாட்டைப் பெட்டிக்கை போட்டு, ‘வாங்கோ, பெஞ்சு அப்பான்ரை வீடில்லைத்தானே, அங்கை சாப்பிட்டால் அம்மாட்டைப் போகலாம்’ எண்டு கூட்டிக்கொண்டு போனவர்.”

“அம்மா சொன்னது பொய் எண்டு அப்பா சொல்லேல்லையோ?”

“நான் கேட்டனான், அன்ரி. ‘அம்மா ஒருநாளும் பொய் சொல்லமாட்டா’ எண்டவர்.”