மூலைக் கட்டம்

போர்வையின் ஒரு மூலையை மட்டும் ஆர்டித் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"கையை எடுடி," என்றாள் நார்லீன்.

"எடுக்கிறேன். முதல்ல மத்ததையெல்லாம் பாரு."

நார்லீன் வீட்டுக் கார் கொட்டகையில் கார் நின்று ரொம்ப வருஷமாகிறது. இப்போது அங்கே நிற்பது சுவருக்குச் சுவர் நீண்ட ஒரு தையல் மெஷின். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யார் துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்துப் போர்வை தைத்தாலும், அதைப் பஞ்சோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைக்க இங்கேதான் வந்தாக வேண்டும்.

சும்மா வந்துவிட முடியாது. நூல் பிசிறெல்லாம் வெட்டியிருக்க வேண்டும், சுருக்கமில்லாமல் தேய்த்திருக்க வேண்டும், அடித்துணி நாலு பக்கமும் கையகலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே ஒரு குண்டூசி மறந்துபோய் ஒட்டிக்கொண்டு வந்தாலும் நார்லீன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரில் பாதிப் பேர் ஒழுங்காகத் தைக்கக் கற்றுக்கொண்டதே அவள் வாய்க்குப் பயந்துதான்.

ஆர்டித் இன்றைக்குத் திரும்பிப் போக முடியாது. அடுத்த சனிக்கிழமை மகள் கெல்சிக்குக் கல்யாணம். நார்லீனிடம் இந்த முறையை விட்டால் அடுத்த முறை கிடைப்பது அறுவடைக்கு அப்புறம்தான்.

"எது தலை, எது கால்? அப்புறம் தலைகீழாத் தச்சுட்டேன்னு வந்து நிக்கக் கூடாது."

"தலைப்பக்கம் சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கேன் பாரு."

நார்லீன் துணியைப் புரட்டி உள்பக்கம் தடவிப் பார்த்தாள். "பிசிறு இல்ல. அடித்துணியும் போதும். பரவாயில்லையே, உனக்குக்கூட புத்தி வந்துடுச்சு."

"எல்லாம் உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்ததுதான்."

"இவ்வளவு கட்டமும் நீயேவா தச்சே?"

"எங்க? கெல்சி பிறந்தப்ப நம்ம சர்ச்சுப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு கட்டம் தச்சுக் கொடுத்தீங்களே, மறந்துட்டியா? கல்யாணத்துக்குன்னு பெட்டியில போட்டு வச்சிருந்தேன். இப்பத்தான் எல்லாத்தையும் சேர்த்தேன்."

நார்லீனின் முகம் மலர்ந்தது. நடுவில் இருந்த நீல நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தாள். முனைக்கு முனை பிசகாமல் பொருந்தியிருந்தது.

"இது என்னோடதாத்தான் இருக்கணும். அப்பவே என் கை எப்படி இருந்திருக்கு பாரு."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஆர்டித்.

"இப்ப அந்தக் கையை எடு."

ஆர்டித் எடுத்தாள். செர்ரிப்பழம் போட்ட மஞ்சள் துணிக் கட்டம் ஒன்று, பொங்குகிற பால் மாதிரி நடுவில் உப்பிக்கொண்டு எழுந்தது. அதன் நாலு ஓரமும் நாலு திசைக்குப் போனது.

நார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "துணி நல்ல துணிதான். அப்பல்லாம் எந்தச் சமையலறைக்குப் போனாலும் இந்தத் திரைதான் தொங்கும், எங்க வீட்டுலயும் சேர்த்து. தச்ச கையைத்தான் ஒடிக்கணும். யாரு இது, மேவிஸா?"

"சொல்ல மாட்டேன்."

"மேவிஸேதான். அவ சுடற கேக்கும் இப்படித்தான் ஒரு பக்கமாச் சாயும்."

"யாரா இருந்தா என்ன?"

"அப்ப இதைப் பிரிச்சு எறிஞ்சுட்டு வேற கட்டம் வை. இப்படியே மெஷின்ல ஏத்தினா மடிப்பு விழும். பார்க்கறவங்க என்னைத்தானே சொல்வாங்க?"

"பிரிக்க மாட்டேன், நார்லீன்." ஆர்டித் அந்தக் கட்டத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். "அவளுக்கு அப்ப ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. இருந்தும் என் குழந்தைக்குன்னு உட்கார்ந்து, விரலெல்லாம் குத்திக்கிட்டுத் தச்சுக் கொடுத்தா. இந்தக் கட்டம் இல்லாம என் பொண்ணுக்குப் போர்வையே வேண்டாம்."

நார்லீனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இன்னும் தைக்கிறாளா அவ?"

"விடாம தைக்கிறா."

"கடவுளே. யார் யார் துணி என்ன பாடு படுதோ."

ஆர்டித் இருமல் வந்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, கல்யாண வீடுன்னு பார்க்கறேன்," என்றாள் நார்லீன். "பிரிக்க வேண்டாம். ஆனா அந்த மகராசி இங்க நேர்ல வரணும். இந்த மேசை முன்னால நின்னு, தண்ணி தெளிச்சு, இந்த உப்பல் அடங்கற வரைக்கும் தேய்க்கணும். தேய்ச்சுக்கிட்டே, 'என் தையல் கோணல்'னு வாய்விட்டுச் சொல்லணும். சொன்னா இன்னிக்கே ஏத்தறேன். கூலிகூட வேண்டாம்."

"அது யாரா இருந்தாலுமா?"

"பாஸ்டர் பொண்டாட்டியா இருந்தாலும்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"நான் என்னிக்குடி பேச்சு மாறியிருக்கேன்?"

ஆர்டித் சுவரோரம் போய் இஸ்திரிப் பெட்டிக்குச் சுவிட்சைப் போட்டாள். அது சூடாகும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்து நார்லீன் கையில் கொடுத்தாள்.

"நட்சத்திரம் மேவிஸ் தச்சது. உன்னோடது இதுதான்."