கையெழுத்து விழாத படிவம்

“கையெழுத்துப் போட மாட்டேண்ணே. பொண்ணு இருக்கற இடத்துலேயே படிக்கட்டும்.”

கணக்கு டீச்சர் படிவத்தைத் திருப்பி நீட்டினார். பள்ளி பஸ் டிரைவருக்குச் சுருக்கென்றது. காலை டிரிப் முடிந்த கையோடு முகம் கழுவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எவ்வளவு ஆசையாக வந்திருந்தார் மனுஷன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு சர்வதேசப் பாடத்திட்டம். ஒன்றில் வருஷக் கடைசிப் பரீட்சைதான் எல்லாம். இன்னொன்றில் பரீட்சை என்ற பேச்சே கிடையாது, முழுக்க புராஜெக்ட். பத்தாவது முடிவில் ஒவ்வொரு திட்டத்திலும் முதலாவதாக வருகிற ஒரே ஒருவருக்கு மேல் இரண்டு வருஷம் இலவசம். டிரைவர் பெண்ணுக்குப் பள்ளி தரும் சலுகை பத்தாவதோடு சரி. அதற்கு மேல் அங்கே படிக்க வேண்டுமானால் முதலாவதாக வந்தே தீர வேண்டும்.

அவள் இப்போது பரீட்சைப் பக்கம். புராஜெக்ட் பக்கம் மாற்றிவிடச் சொல்லி ஒரு மாதமாக அப்பாவை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தாள்.

“வெளிநாட்டு காலேஜ்ல புராஜெக்ட் படிப்புக்குத்தான் மதிப்புங்கறாங்களே, டீச்சர்?”

“ரெண்டுக்கும் மதிப்பு இருக்குண்ணே. பதினாலு வருஷமா ரெண்டுலயும் பாடம் எடுக்கறேன். ரெண்டுலயும் அதே கணக்குதான். பரீட்சைத் திட்டத்துல விடை என்னன்னு கேப்போம். புராஜெக்ட்ல அந்தக் கணக்கை வச்சு ஒரு பூங்கா அமைச்சுக் காட்டுன்னு கேப்போம்.”

“பூங்கா நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மூணு மணி நேரத்துல முடியாது. மூணு மாசம் வீட்ல உக்காந்து செய்யணும்.”

“என் பொண்ணு செய்ய மாட்டாளா?”

“நல்லாவே செய்வா.”

“அப்புறம் என்ன?”

டீச்சர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். டிரைவருக்கு இதுதான் பொறுக்கவில்லை. வேண்டாம் என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டியதுதானே, இப்படி மென்று விழுங்கினால் என்ன அர்த்தம்?

“டிரைவர் பொண்ணு அந்த வகுப்புல உக்காரக் கூடாது. அதானே? நேராவே சொல்லிடுங்க டீச்சர்.”

பக்கத்து மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சயின்ஸ் சார் நிமிர்ந்து பார்த்தார். எதற்கு வம்பு என்று நோட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“அப்படியெல்லாம் நினைக்காதீங்கண்ணே.”

“வேற எப்படி நினைக்கறது? அது அவ்வளவு வேண்டாத படிப்புன்னா உங்க பையன் ஏன் அதுல படிக்கிறான்? என் பொண்ணு வயசுதானே அவனுக்கும்? போன வாரம் குச்சியால ஒரு பாலம் செஞ்சு கொண்டுவந்தான். உடைஞ்சிடக் கூடாதுன்னு என் பக்கத்துல வச்சு பஸ்ஸையே உருட்டிக்கிட்டு வந்தேன். உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?”

சொல்லிவிட்டாரே தவிர, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவருக்கே உதறல்தான். இந்த டீச்சர்தான் அந்தப் புராஜெக்ட் பிரிவுக்கே தலைவி.

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வெளியில சொன்னீங்கன்னா என் வேலை போயிடும்ணே. அந்தப் பாலத்தை நான்தான் செஞ்சேன். கூட வச்ச இருபது பக்கத்தையும் நான்தான் எழுதினேன். அதுக்கு அவனுக்கு முதல் மார்க்.”

டிரைவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அந்த வகுப்புல பாதி வீட்ல இதே கூத்துதான். ஒருத்தன் அப்பா இன்ஜினியர், ஒருத்தி அம்மா டாக்டர். தெரிஞ்சும் மார்க் போடறேன், நானே அதைச் செய்யறப்போ யாரைக் கேக்க முடியும்? ஆனா பரீட்சை ஹாலுக்குள்ள எங்க யாரையும் விட மாட்டாங்க. அங்க தனியா உக்காந்து எழுதினா உங்க பொண்ணை அடிச்சுக்க ஆளே கிடையாது.”

டீச்சர் படிவத்தை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“இங்க வந்தா அவ என் பையனோட போட்டி போட முடியாதுண்ணே. என்னோடதான் போடணும்.”