குரைடா, துரை

“நாய் சொன்ன பேச்சைக் கேக்குது. நீதான்யா கேக்க மாட்டேங்கிற” என்று அதிகாரி எரிந்து விழுந்தார்.

பயிற்சியாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “துரை, தேடு” என்று நாயை மூன்றாவது முறையாக அதே மூலைக்கு அனுப்பினார்.

அதிகாலையில் பூமி குலுங்கியதில் நான்கு மாடிக் கட்டடம் நொறுங்கிக் கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. இரண்டு நாளாக முகாமில் இருந்த மீட்புப் படை நேராக இங்கே வந்திருந்தது. ஆள் பிரித்தபோது, “இந்தத் தெருவை நான் பாத்துக்கிறேன் சார்” என்று பயிற்சியாளர் முந்திக்கொண்டார். வேலையில் என்ன ஒரு ஆர்வம் என்று அதிகாரியும் அவர் முதுகில் தட்டிக் கொடுத்திருந்தார்.

துரை மூக்கைத் தாழ்த்தியபடி இடிபாட்டின் மேல் ஏறியது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் ஒரே அழுகை. யாரோ பாதியில் விட்டுப்போன சாப்பாட்டுப் பொட்டலம் வழியில் கிடந்தது. பூனை ஒன்று குறுக்கே பாய்ந்தது. துரை எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதை இந்த அளவுக்குப் பழக்க ஐந்து வருடம் மனிதர் நாய் படாத பாடு பட்டிருந்தார்.

உயிரோடு இருப்பவர் வாசனை கிடைத்தால் மட்டுமே அது குரைக்கும். இந்த முறையும் குரைக்காமல் அந்த மூலையைக் கடந்தது.

“போதும்யா. நாய் குரைக்கலைன்னா கீழ உயிர் இல்லைன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். பொக்லைனை விடச் சொல்றேன். அடுத்த தெருவுல உள்ள இருந்து ஆளுங்க கத்திக்கிட்டு இருக்காங்க.”

“இன்னும் ஒரே ஒரு தடவை சார்.” அவர் இப்படிக் கெஞ்சி அதிகாரி பார்த்ததில்லை. சரி, தொலையட்டும் என்று கையை அசைத்தார்.

நான்காவது முறை துரை நின்றது.

“குரைடா, துரை” என்று பயிற்சியாளர் வாய்க்குள் முனகினார்.

துரை குரைக்கவில்லை. கற்களுக்கு இடையில் முகத்தை நுழைத்து எதையோ பிடித்து இழுத்தது. ஒரு பழைய ரப்பர் செருப்பு. அதைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். “முகாம்லயே கட்டிப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்? வீட்ல வச்சு வளத்த. உன் சம்சாரம் செல்லம் குடுத்தே கெடுத்து வச்சிருக்காங்க. வேலை நேரத்துல செருப்பைத் தூக்கிட்டு வந்து விளையாடுது பார்.” சொல்லிக்கொண்டே நாயை அடிக்கக் கை ஓங்கினார்.

பயிற்சியாளர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். குனிந்து செருப்பை எடுத்து, அதன் மேல் அப்பியிருந்த சிமெண்ட் தூசியை விரலால் துடைத்தார். பொக்லைன் உறுமத் தொடங்கியிருந்தது.

“துரையை அடிக்காதீங்க சார். இது என்னோட செருப்பு.”