மைலேஜ் புலி

பழுதான வண்டிகளை இழுக்கும் லாரி வாங்க வந்திருந்தார்கள் கணவனும் மனைவியும்.

"பின் ஆக்ஸில்ல ரெண்டு விதமான கியர் இருக்குங்க. ஒண்ணு டீசலை மிச்சம் பண்ணும். இன்னொண்ணு நல்லா இழுக்கும், ஆனா டீசல் குடிக்கும். எது போட்ட வண்டி வேணும்?" என்றார் விற்பனையாளர்.

"மைலேஜ்தான் முக்கியம்" என்றார் கணவர், எல்லாம் கரைத்துக் குடித்தவர்போல.

"இழுக்கிறதையே கொடுங்க" என்றார் மனைவி.

"இவளுக்கு டீசல்னா தண்ணி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கணவர்.

விற்பனையாளருக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. "சார் சொல்றது நியாயம்தானேம்மா? அப்படி எதை இழுக்கப் போறீங்க?"

"முதல்ல, போன மாசம் இவர் மைலேஜ் பார்த்து வாங்கின லாரியை. பாரத்தோட ஏற முடியாம, க்ளட்ச் எரிஞ்சு பாதி மலையில நிக்குது."

விற்பனையாளர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். மனைவியோ வாய்விட்டே சிரித்தார்.

கணவர் மட்டும் அசரவில்லை.

"நின்னா என்ன? அன்னையிலேர்ந்து ஒரு சொட்டு டீசல் குடிச்சுதா, கேளுங்க!"